அத்தை வீட்டு ரேடியோவும் ஒரு டிரான்சிஸ்டரும்: எஃப்எம் ஆன்டெனா பூஸ்டர் செய்வது எப்படி

கடலூர் முதுநகரில் அத்தை வீட்டுச் சமையலறையில் ஒரு பழைய ரேடியோ இருக்கிறது. புளி ஜாடிக்கும் காபித்தூள் டப்பாவுக்கும் நடுவில் அதற்கென்று ஓர் இடம். புதுச்சேரி வானொலியின் 102.8 அதில் வருஷக்கணக்காகப் பிசிறில்லாமல் கேட்டுக்கொண்டிருந்தது. வடக்குப் பக்கம் நாலு மாடிக் கட்டடம் ஒன்று எழும்பிய பிறகு இரைச்சல் ஆரம்பித்தது. ஏரியலைப் பிடித்துக்கொண்டு நின்றால் பாடும், கையை எடுத்தால் வெறும் 'உஸ்ஸ்'. "நான் கொழம்பு வைக்கிறதா, இதப் புடிச்சிக்கிட்டு நிக்கிறதா?" என்று அத்தை கேட்ட அன்றைக்குத்தான் இந்த வேலையில் இறங்கினேன்.

இறங்கிய கையோடு ஒரு தப்பும் செய்தேன். கேபிள் டிவிக்கு மாட்டும் பூஸ்டர் ஒன்றைக் கடையில் வாங்கி வந்து, அதன் வாயில் ஒரு முழ ஒயரைச் செருகி, சமையலறையிலேயே வைத்துவிட்டேன். இரைச்சல் இன்னும் சத்தமாகக் கேட்டது, அவ்வளவுதான். பூஸ்டருக்குப் பாட்டு எது, இரைச்சல் எது என்று தெரியாது. உள்ளே வருவதை எல்லாம் பெருக்கும். போதாததற்குத் தன் பங்குக்குக் கொஞ்சம் இரைச்சலையும் சேர்க்கும். அந்தக் கேபிள் பூஸ்டர் டிவி சேனல்கள் மொத்தத்துக்கும் செய்யப்பட்டது. எஃப்எம் பேண்டோடு அக்கம்பக்கத்தில் உள்ள எல்லாவற்றையும் வாரி ரேடியோவின் வாயில் திணித்துவிடுகிறது.

அதனால் இந்த வழிகாட்டியில் பூஸ்டர் இரண்டாவதாகத்தான் வரும். முதலில் மாடியில் ஒரு நல்ல ஆன்டெனா. அதைப் போட்ட பிறகு பூஸ்டர் தேவையா என்று காதால் கேட்டு முடிவு செய்துகொள்ளலாம். பாதிப் பேருக்குத் தேவைப்படாது என்பது என் கணிப்பு.

உயரம் ஏன் முக்கியம்

எஃப்எம் அலை ஏறக்குறைய பார்வை போகும் தூரம் வரைதான் நன்றாகப் போகும். பூமியின் வளைவு மறைத்துவிட்டால் வேகமாக மங்கிவிடும். எவ்வளவு தூரம் என்பதற்கு எளிய கணக்கு ஒன்று உண்டு: ஆன்டெனாவின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12 ஆல் பெருக்கினால் அடிவானத் தூரம் கிலோமீட்டரில் வரும். ஒலிபரப்பும் கோபுரத்துக்கு ஒரு தடவை, நம் ஆன்டெனாவுக்கு ஒரு தடவை போட்டு இரண்டையும் கூட்டிக்கொள்ள வேண்டும்.

புதுவைப் பல்கலைக்கழகத்தின் சமுதாய வானொலியான புதுவை வாணியை எடுத்துக்கொள்வோம். 107.8 மெகாஹெர்ட்ஸ், இடம் காலாப்பட்டு. முதுநகரிலிருந்து நேர்கோட்டில் சுமார் 35 கிலோமீட்டர். சமுதாய வானொலிகளுக்குப் பொதுவாக அனுமதிக்கப்படும் சக்தி 100 வாட், ஆன்டெனா உயரம் அதிகபட்சம் 30 மீட்டர். முப்பது மீட்டருக்கு அடிவானம் 22.6 கிலோமீட்டர். நம் ரேடியோ சமையல் மேடையில், ஒரு மீட்டர் உயரத்தில் இருந்தால் இன்னும் 4 கிலோமீட்டர். ஆக 26 கிலோமீட்டர் சொச்சம். எட்டாது. அதே ரேடியோவுக்குப் பத்து மீட்டர் உயரத்தில், அதாவது இரண்டு மாடி வீட்டின் மொட்டைமாடியில் ஒரு கம்பத்தின் மேல் ஆன்டெனா இருந்தால் 13 கிலோமீட்டர். மொத்தம் 35.6. நூலிழையில் எட்டுகிறது. சமையலறையில் எத்தனை பூஸ்டர் வைத்தாலும் இந்த ஒன்பது கிலோமீட்டர் கிடைக்காது.

இது தோராயக் கணக்குதான். நடுவில் கட்டடமும் தோப்பும் இருந்தால் குறையும். அடிவானத்துக்குச் சற்றுக் கீழேயும் அலை கொஞ்சம் வளைந்து வரும். ஆனால் எங்கே மெனக்கெட வேண்டும் என்று இது காட்டிவிடுகிறது.

முதல் வேலை: பழைய தூர்தர்ஷன் ஆன்டெனாவிலிருந்து டைபோல்

டைபோல் என்றால் ஒரே கோட்டில், நடுவில் இடைவெளி விட்டு நிற்கும் இரண்டு உலோகத் தடிகள். மொத்த நீளம் அரை அலைநீளம் இருக்க வேண்டும். 143 ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் நீளம் மீட்டரில் கிடைக்கும். 102.8 க்கு 1.39 மீட்டர், 107.8 க்கு 1.33 மீட்டர். நான் இரண்டுக்கும் பொதுவாக 1.40 என்று வைத்துக்கொண்டேன். சில சென்டிமீட்டர் கூடக் குறைய இருந்தால் காதுக்கு வித்தியாசம் தெரியாது.

தடிக்கு எங்கேயும் அலைய வேண்டாம். மீன்முள் மாதிரி நின்ற பழைய டிவி ஆன்டெனா உங்கள் மாடியிலேயே மூலையில் கிடக்கலாம். இல்லையென்றால் பழைய இரும்புக் கடையில் எடைக்குக் கிடைக்கும். 174 முதல் 230 மெகாஹெர்ட்ஸ் வரையிலான டிவி சேனல்களுக்குச் செய்த ஆன்டெனாவில் ஒவ்வொரு அலுமினியத் தடியும் முக்கால் மீட்டர் அளவில் இருக்கும். அங்கே அது அரை அலைநீளம். எஃப்எம் அதிர்வெண் ஏறக்குறைய அதில் பாதி என்பதால், நமக்கு அதே தடி கால் அலைநீளம் ஆகிவிடுகிறது. இரண்டு தடியைக் கழற்றினால் டைபோலின் இரண்டு கைகள் தயார். உங்களுக்குக் கிடைத்தது இரண்டு மீட்டருக்கு மேல் நீளமான தடி என்றால், அது கீழ் அலைவரிசை டிவியுடையது. வெட்டிக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு தடியையும் 69 சென்டிமீட்டருக்கு அறுத்துக்கொள்ளவும். நடுவில் தாங்குவதற்கு நான் எடுத்தது அத்தை கழித்துப் போட்ட பிளாஸ்டிக் காய் நறுக்கும் பலகை. வெயிலுக்கும் மழைக்கும் தாங்கும், தண்ணீரை உறிஞ்சாது. அதில் ஒரு சாண் நீளத் துண்டு போதும். அதன்மேல் இரண்டு தடிகளையும் ஒரே கோட்டில் வைத்து, நடுவில் 2 சென்டிமீட்டர் இடைவெளி விட்டு, தடிக்கு இரண்டு ஸ்க்ரூ வீதம் முடுக்கவும். ஸ்க்ரூ ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும். நம் ஊர் உப்புக்காற்றில் சாதா ஸ்க்ரூ ஒரு மழைக்காலம் தாண்டுவதில்லை.

கேபிளுக்கு ஆர்ஜி 6, கேபிள் டிவிக்காரர்கள் இழுக்கும் அதே கறுப்பு ஒயர். டைபோலின் நடுவில் மின்தடை சுமார் 73 ஓம், இந்தக் கேபிள் 75 ஓம். இயல்பாகவே பொருந்திவிடுவதால் நடுவில் டிரான்ஸ்ஃபார்மர் எதுவும் வேண்டாம். கேபிளின் நடுக்கம்பி ஒரு தடிக்கு, மேலே சுற்றியிருக்கும் வலை மறு தடிக்கு. ஒன்று கவனிக்க வேண்டும்: மலிவான ஆர்ஜி 6 இல் அந்த வலை அலுமினியம். ஈயம் அதில் ஒட்டவே ஒட்டாது. நான் அரைமணி நேரம் போராடிப் பார்த்துவிட்டு, வலையை முறுக்கி ஒரு லக்கில், அதாவது ஒயர் முனையில் மாட்டும் ஓட்டையுள்ள உலோகத் துண்டில் வைத்துக் கொறடால் நசுக்கி ஸ்க்ரூவில் மாட்டினேன். நடுக்கம்பிக்கும் அப்படியே ஒரு லக். லக் வெள்ளீயம் பூசியதாக இருக்க வேண்டும். வெறும் செம்பும் அலுமினியமும் உப்பு ஈரத்தில் ஒட்டி நின்றால் அலுமினியம் அரித்துப் பொடியாகும்.

மாட்டிய பிறகு, இணைப்புக்குக் கீழேயே கேபிளைச் சாப்பாட்டுத் தட்டில் பாதி அகலத்துக்கு, அதாவது பத்து சென்டிமீட்டர் வளையமாக, ஆறு சுற்று சுற்றி பிளாஸ்டிக் டேகால் கட்டிவிடவும். கேபிளின் வெளிப்பக்கமே ஆன்டெனாவாகி, வீட்டுக்குள் இருக்கும் இரைச்சலை மேலே கொண்டு போகாமல் இது தடுக்கும். கடைசியாக இணைப்பு முழுவதிலும் கிரீஸ் தடவி, எம்சீல் பூசி, கேபிளின் வாய் வழியாகத் தண்ணீர் இறங்காதபடி மூடிவிடுங்கள். கேபிளுக்குள் மழைத்தண்ணீர் இறங்கிவிட்டால் அந்தக் கேபிளைத் தூக்கிப் போட வேண்டியதுதான்.

எந்தப் பக்கம் திருப்புவது? டைபோல் தன் பக்கவாட்டில் இருந்து வருவதை நன்றாக வாங்கும், முனைகளின் திசையில் காது கேட்காது. கடலூருக்குப் புதுச்சேரி வடக்கே. ஆகவே ஒரு முனை கடலைப் பார்த்தும், மறு முனை பண்ருட்டியைப் பார்த்தும் இருக்க வேண்டும். அப்படி வைத்தால் தெற்கே காரைக்கால் வானொலியின் 100.3 க்கும் அதே நிலை பொருந்திவிடுகிறது. சில நிலையங்கள் நெட்டுக்குத்தாக அலையை அனுப்பும். அதனால் இறுக்கிக் கட்டுவதற்கு முன், ஆன்டெனாவை ஒரு மூங்கிலில் கட்டி, படுக்கையாகவும் செங்குத்தாகவும் பிடித்துப் பார்த்துவிடுங்கள். கீழே ஒருவர் ரேடியோவிடம் நின்று "இப்ப நல்லாருக்கு" என்று கத்த வேண்டும். எங்கள் வீட்டில் அது அத்தை.

மாடியில் கம்பத்தை நடும்போது ஒரே ஒரு கண்டிப்பான விதி: கம்பம் எந்தப் பக்கம் சாய்ந்து விழுந்தாலும் ஈபி லைன் மேல் படக்கூடாது. தூக்கி நிறுத்தும்போதும் அப்படித்தான். இடம் இல்லை என்றால் கம்பத்தைக் குட்டையாக்குங்கள்.

இந்த இடத்தில் நிறுத்திக் கேட்டுப் பாருங்கள்

கேபிளைக் கீழே கொண்டு வந்து ரேடியோவில் மாட்டிக் கேளுங்கள். மியூசிக் சிஸ்டமாக இருந்தால் பின்னால் எஃப்எம் ஆன்டெனாவுக்கு ஒரு துளை இருக்கும். ஏரியல் மட்டும் உள்ள சின்ன ரேடியோவாக இருந்தால், ஏரியலை முழுக்க உள்ளே தள்ளிவிட்டு, கேபிளின் நடுக்கம்பியில் ஒரு முழம் இன்சுலேஷன் ஒயரைச் சேர்த்து ஏரியலின் அடியில் ஐந்தாறு சுற்று நெருக்கமாகச் சுற்றவும். ஈயம் வைக்க வேண்டாம், உலோகம் தொடக்கூட வேண்டாம். இந்த அதிர்வெண்ணில் பக்கத்தில் இருந்தாலே சமிக்ஞை தாவிவிடும். பேட்டரி ரேடியோவாக இருந்தால் கேபிளின் வலையிலிருந்து ஒரு ஒயரைப் பேட்டரியின் மைனஸ் ஸ்பிரிங்கில் மாட்டினால் இன்னும் தெளிவாகும். கரண்டில் ஓடும் ரேடியோவில் இதைச் செய்யாதீர்கள். சிலவற்றில் உள்ளே டிரான்ஸ்ஃபார்மர் இருக்காது, ஷாக் அடிக்கும்.

அத்தை வீட்டில் இந்த இடத்திலேயே 102.8 கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. நியாயமாகப் பார்த்தால் வேலை முடிந்தது. ஆனால் 107.8 இன்னும் இரைச்சலுக்குள் முனகிக்கொண்டிருந்தது. முனகல் கேட்கிறதா என்பதுதான் பூஸ்டருக்கான தேர்வு. கொஞ்சமாவது கேட்டால் பூஸ்டர் அதைத் தூக்கிவிடும். சுத்தமாக ஒன்றுமே இல்லை என்றால் கம்பத்தைத்தான் உயர்த்த வேண்டும்.

புதுச்சேரி நகருக்குள் இருப்பவர்கள் இதற்கு மேல் போக வேண்டாம் என்பேன். பலமான நிலையம் பக்கத்திலேயே இருக்கும்போது பூஸ்டர் போட்டால் ரேடியோ திணறும். ஒரே பாட்டு மூன்று நான்கு இடங்களில் கேட்கும், நிலையங்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறும்.

இரண்டாவது வேலை: ஒற்றை டிரான்சிஸ்டர் பூஸ்டர்

சாமான்கள்: பிஎஃப் 494 டிரான்சிஸ்டர் ஒன்று, ரெசிஸ்டர்கள் 10 கிலோ ஓம், 4.7 கிலோ ஓம், 1 கிலோ ஓம் தலா ஒன்று, 102 என்று அச்சிட்ட செராமிக் கெபாசிட்டர் நான்கு, 103 ஒன்று, 22 பிக்கோஃபாரட் டிரிம்மர் (திருகினால் அளவு மாறும் கெபாசிட்டர்) ஒன்று, 1என்4148 டயோடு இரண்டு, 9 வோல்ட் பேட்டரியும் அதன் மூடியும், ஒரு ஸ்விட்ச், செம்பு பூசிய போர்டில் சீட்டுக்கட்டின் சீட்டு அளவுக்கு ஒரு துண்டு, மூடி உள்ள ஒரு தகர டப்பா. 22 கேஜ் எனாமல் ஒயருக்கு மோட்டார் வைண்டிங் கடைக்குப் போங்கள். ஒரு முழம் கேட்டால் காசு வாங்கமாட்டார்கள். மற்றவை சென்னை ரிச்சி தெருவில் நிச்சயம் கிடைக்கும். கேபிளைக் கழித்துவிட்டால் எனக்கு எல்லாம் சேர்த்து நூறு ரூபாய்க்குள் முடிந்தது.

ஏன் பிஎஃப் 494? எல்லோர் பெட்டியிலும் கிடக்கும் பிசி 547 கூட ஓடத்தான் செய்யும், ஆனால் அது ஆடியோ வேலைக்கு வந்தது. பிஎஃப் 494 ரேடியோ அதிர்வெண்ணுக்கென்றே செய்தது. எஃப்எம் ரேடியோக்களின் முன்பகுதியில் இதையே காலங்காலமாகப் போட்டு வந்தார்கள். டிரான்சிஸ்டருக்கு எமிட்டர், பேஸ், கலெக்டர் என்று மூன்று கால்கள். அவற்றின் வரிசையில் உஷார்: பிசி 547 இல் நடுக்கால் பேஸ், இதில் நடுக்கால் எமிட்டர். படத்தை நம்பாமல் மல்டிமீட்டரை டயோடு நிலையில் வைத்துப் பார்த்துவிடுங்கள். சிவப்பு முனையை ஒரு காலில் வைத்து, கறுப்பை மற்ற இரண்டு கால்களிலும் மாற்றி மாற்றித் தொட்டால் இரண்டிலும் அளவு காட்டுகிறதா, அந்தச் சிவப்புக் கால்தான் பேஸ். இரண்டு அளவுகளில் துளி அதிகமாகக் காட்டுவது எமிட்டர், மற்றது கலெக்டர்.

காயில்தான் இதன் உயிர். 6 மில்லிமீட்டர் டிரில் பிட்டின் மழமழப்பான தண்டில் எனாமல் ஒயரை ஆறு சுற்று நெருக்கமாகச் சுற்றி, உருவி எடுத்து, மொத்த நீளம் 8 மில்லிமீட்டர் வரும்படி மெதுவாக இழுத்து விடுங்கள். சுற்றுகள் ஒன்றையொன்று தொடக்கூடாது. இரு முனைகளிலும் பிளேடால் எனாமலைச் சுரண்டிப் பளபளவென்று செம்பு தெரிந்த பிறகு ஈயம் பூசவும். எனாமல் கண்ணுக்குத் தெரியாது. பலருடைய பூஸ்டர் வேலை செய்யாததற்கு இந்தச் சுரண்டாத முனைதான் காரணம். ஒரு முனையிலிருந்து எண்ணி இரண்டாவது சுற்றின் மேல்பக்கம் ஓர் எறும்பு அளவுக்குச் சுரண்டி, அங்கே மெல்லிய ஒயர் ஒன்றைப் பற்றவைக்கவும். இது வெளியே போகும் வழி. எண்ண ஆரம்பித்த முனை பேட்டரிப் பக்கம், எதிர்முனை கலெக்டர் பக்கம்.

இந்தக் காயிலும் டிரிம்மரும் சேர்ந்து 100 மெகாஹெர்ட்ஸுக்குச் சற்றுக் கீழே நிற்கும். டிரிம்மரைத் திருகினால் எஃப்எம் பேண்டு முழுவதும் ஏறி இறங்கலாம். இரண்டாவது சுற்றில் வெளிவழி எடுத்தால் பேண்டின் பெரும் பகுதிக்கு ஓரளவு சமமான பெருக்கம் கிடைக்கும். முதல் சுற்றிலேயே எடுத்தால் பெருக்கம் கூடும், ஆனால் மூன்று மெகாஹெர்ட்ஸ் அகலத்துக்குத்தான் வேலை செய்யும். ஒரே நிலையத்துக்காகச் செய்கிறவர்களுக்கு முதல் சுற்றில் எடுப்பதுதான் நல்லது. பக்கத்து நிலையங்களை அதுவே தள்ளி நிறுத்திவிடும்.

ஈயம் வைக்காமல் செருகிப் பார்க்கும் ஓட்டைப் பலகையான பிரெட்போர்டில் இதைச் செய்யாதீர்கள். அதன் உள்ளே இருக்கும் பட்டைகளே சின்னச் சின்ன கெபாசிட்டர்களாகி எல்லாவற்றையும் குழப்பும். செம்புப் போர்டு முழுவதும் கிரவுண்டு, அதாவது பேட்டரி மைனஸ் சேரும் பொது இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே போர்டில் இன்னொரு துண்டை, கட்டைவிரல் நகத்தில் பாதி அளவுக்கு நான்கு சில்லுகளாக வெட்டி, செம்பு மேலே இருக்கும்படி ஃபெவிக்விக் வைத்து ஒட்டுங்கள். நான்கும் நான்கு தீவுகள்: எமிட்டர், பேஸ், கலெக்டர், பேட்டரி பிளஸ். டிரான்சிஸ்டரின் மூன்று கால்களும் முதல் மூன்று தீவுகளில் குட்டையாக உட்காரும்.

இப்போது சமிக்ஞை போகும் வழியிலேயே இணைத்துக்கொண்டு போவோம். ஆன்டெனா கேபிளின் வலை கிரவுண்டுக்கு. நடுக்கம்பி ஒரு 102 கெபாசிட்டர் வழியாக எமிட்டர் தீவுக்கு. நடுக்கம்பி உள்ளே வரும் இடத்திலேயே இரண்டு டயோடுகளையும் ஒன்றுக்கொன்று தலைகீழாகக் கிரவுண்டுக்கு வைத்துவிட்டால், சாதாரண நாட்களில் ஆன்டெனாவில் சேரும் மின்சாரம் டிரான்சிஸ்டரைச் சுடாது. எமிட்டர் தீவிலிருந்து கிரவுண்டுக்கு 1 கிலோ ஓம், பழுப்பு கறுப்பு சிவப்பு. பேட்டரி பிளஸ் தீவிலிருந்து பேஸ் தீவுக்கு 10 கிலோ ஓம், பழுப்பு கறுப்பு ஆரஞ்சு. பேஸிலிருந்து கிரவுண்டுக்கு 4.7 கிலோ ஓம், மஞ்சள் ஊதா சிவப்பு. பேஸிலிருந்தே கிரவுண்டுக்கு இன்னொரு 102. இதன் கால்கள் எவ்வளவு குட்டையாக முடியுமோ அவ்வளவு குட்டை, இரண்டு மூன்று மில்லிமீட்டர். ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பது கீழே வரும்.

கலெக்டர் தீவிலிருந்து பேட்டரி பிளஸ் தீவுக்குக் காயில். கலெக்டரிலிருந்து கிரவுண்டுக்கு டிரிம்மர், திருகும் ஸ்க்ரூ உள்ள பக்கம் கிரவுண்டில் இருக்கட்டும். பிளஸ் தீவிலிருந்து கிரவுண்டுக்கு ஒரு 102, பக்கத்திலேயே 103. பேட்டரியின் பிளஸ் ஒயர் ஸ்விட்ச் வழியாக இந்தத் தீவுக்கு, மைனஸ் கிரவுண்டுக்கு. காயிலின் இரண்டாவது சுற்றில் பற்றவைத்த ஒயரிலிருந்து கடைசி 102 வழியாக வெளியே போகும் கேபிளின் நடுக்கம்பிக்கு, வலை கிரவுண்டுக்கு. உள்ளே வரும் கேபிள் போர்டின் ஒரு கோடியிலும், வெளியே போவது மறு கோடியிலும் இருக்க வேண்டும்.

ரேடியோவில் மாட்டுவதற்கு முன் ஸ்விட்சைப் போட்டு மீட்டரைக் கையில் எடுங்கள். புதுப் பேட்டரியாக இருந்தால் பேஸில் 2.8 வோல்ட் பக்கம், எமிட்டரில் 2.1 அல்லது 2.2, கலெக்டரில் முழு 9. கலெக்டரில் ஒன்றுமே இல்லை என்றால் காயில் முனையைச் சுரண்டவில்லை. எமிட்டரும் பேஸும் ஒரே அளவு காட்டினால் டிரான்சிஸ்டர் போய்விட்டது, அல்லது எங்கோ ஈயம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மொத்த மின்னோட்டம் 3 மில்லி ஆம்பியருக்குள்தான் இருக்கும். நல்ல பேட்டரி ஒன்று நூறு மணி நேரத்துக்கு மேல் தாங்கும்.

டியூனிங், அப்புறம் பக்கத்து வீட்டுப் பெரியம்மா

முனகும் நிலையத்தில் ரேடியோவை வைத்துவிட்டு டிரிம்மரை மெல்லத் திருகுங்கள். இரும்பு ஸ்க்ரூ டிரைவர் கிட்டே வந்தாலே அளவு மாறும். எடுத்ததும் திரும்ப மாறிவிடும். அதனால் ஒரு மூங்கில் குச்சியைத் தட்டையாகச் சீவிக்கொள்ளுங்கள். ஐஸ்கிரீம் குச்சியும் ஆகும். ஓர் இடத்தில் குரல் சட்டென்று முன்னால் வந்து நிற்கும், இரைச்சல் பின்வாங்கும். அதுதான் இடம். டிரிம்மரின் கோடி வரை போயும் அந்த உச்சம் வரவில்லை என்றால் காயிலைக் கொஞ்சம் நெருக்கியோ இழுத்தோ பாருங்கள். நெருக்கினால் அதிர்வெண் இறங்கும், இழுத்தால் ஏறும். சரியாக அமைந்தால் பத்து முதல் பதினைந்து டெசிபெல் பெருக்கம் இதில் எதிர்பார்க்கலாம்.

நான் முதலில் செய்தபோது பேஸ் கெபாசிட்டரின் கால்களை வெட்டாமல் இரண்டு சென்டிமீட்டர் நீளத்துக்கு விட்டிருந்தேன். ஸ்விட்சைப் போட்டதும் இரைச்சல் முழுக்க அடங்கியது. ஆகா, வெற்றி என்று நினைத்தேன். ஆனால் பாட்டும் இல்லை. டயலில் எங்கே போனாலும் கனத்த மௌனம், நடுநடுவே ஒரு விசில். பத்து நிமிஷத்தில் பக்கத்து வீட்டுப் பெரியம்மா மதில் ஓரம் வந்து, "தம்பி, மாடியில என்னா பண்றீங்க? எங்க பொட்டியில பாட்டு நின்னு போச்சே" என்றார்.

நடந்தது இதுதான். அந்த நீளமான காலே ஒரு சின்னக் காயிலாகி, டிரான்சிஸ்டர் பெருக்குவதை விட்டுவிட்டுத் தானாகவே ஆட ஆரம்பித்துவிட்டது. அதாவது என் பூஸ்டர் ஒரு குட்டி ஒலிபரப்பு நிலையமாக மாறி, மாடி ஆன்டெனா வழியாகத் தெரு முழுவதும் மௌனத்தை ஒலிபரப்பிக்கொண்டிருந்தது. உரிமம் இல்லாமல் ஒலிபரப்புவது சட்டப்படி குற்றம், தெரியாமல் செய்தாலும் பக்கத்து வீட்டுக்குத் தொந்தரவுதான். இந்த அறிகுறி தெரிந்தால் உடனே அணைத்துவிட்டு, பேஸ் கெபாசிட்டரின் காலை ஒட்ட வெட்டிப் பற்றவையுங்கள். அப்போதும் அடங்காவிட்டால் கலெக்டர் காலுக்கும் காயிலுக்கும் நடுவில் 22 ஓம் ரெசிஸ்டர் ஒன்று போடலாம். பெருக்கம் சற்றுக் குறையும், ஆட்டம் நின்றுவிடும். உள்ளே வரும் கேபிளும் வெளியே போகும் கேபிளும் ஒன்றோடொன்று உரசிக்கொண்டிருந்தாலும் இதே கோளாறு வரும்.

எல்லாம் சரியானதும் போர்டைத் தகர டப்பாவுக்குள் வைத்து, கிரவுண்டை டப்பாவோடு பற்றவைத்து மூடுங்கள். மூடியதும் டியூனிங் துளி நகரும். டிரிம்மருக்கு நேராக மூடியில் ஓர் ஓட்டை போட்டுக்கொண்டால் கடைசியாக ஒரு தடவை சரிசெய்துகொள்ளலாம்.

பூஸ்டரை மாடியில் வைப்பதா, கீழேயா? புத்தகப்படி ஆன்டெனாவுக்குப் பக்கத்தில் வைப்பதுதான் உத்தமம். ஆனால் 15 மீட்டர் ஆர்ஜி 6 கேபிளில் இந்த அதிர்வெண்ணில் இழப்பு சுமார் 1 டெசிபெல்தான். அதற்காகப் பேட்டரி மாற்ற ஒவ்வொரு தடவையும் மாடி ஏற முடியாது, டப்பாவுக்குள் மழை போகாமல் காவல் காக்கவும் முடியாது. நான் ரேடியோவுக்குப் பின்னாலேயே வைத்துவிட்டேன். முப்பது நாற்பது மீட்டர் கேபிள் ஓடும் வீடு என்றால் மேலே வைப்பதைப் பற்றி யோசிக்கலாம்.

பேட்டரிக்குப் பதில் செல்போன் சார்ஜரை மாட்டலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். வேண்டாம். சார்ஜருக்குள் நொடிக்குப் பல்லாயிரம் தடவை மின்சாரம் ஸ்விட்ச் ஆகிக்கொண்டே இருக்கிறது. அந்த இரைச்சல் நேராகப் பூஸ்டருக்குள் ஏறும். இதே காரணத்துக்காக, ஒரு நாள் மாலையில் மட்டும் இரைச்சல் கூடினால் வீட்டில் எல்இடி பல்புகளை ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். அத்தை வீட்டில் குற்றவாளி பூஜையறையின் மலிவான பல்பு.

இடி, புயல், உப்பு

கம்பம் உலோகமாக இருந்தால் தடிமனான ஒயரால் எர்த் செய்துவிடுங்கள். இடி ஆரம்பிப்பதற்கு முன்பே கேபிளைப் பூஸ்டரிலிருந்து கழற்றி ஜன்னலுக்கு வெளியே போட்டுவிட வேண்டும். மேலே சொன்ன டயோடுகள் சாதாரண நாட்களில் சேரும் மின்சாரத்துக்குத்தான் ஆகும், நேரடி இடியை அவற்றால் ஒன்றும் செய்ய முடியாது.

துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டால் கம்பத்தைப் படுக்க வைத்துவிடுவது என் வழக்கம். 2011 டிசம்பர் 30 விடிகாலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையேறியபோது எங்கள் மாடியில் நின்ற டிவி ஆன்டெனா கம்பத்தோடு காணாமல் போனது. பிறகு நாட்கணக்கில் கரண்டு இல்லாமல் கிடந்தபோது வீட்டில் உயிரோடு இருந்த ஒரே பெட்டி பேட்டரி ரேடியோதான். அதனால் கம்பத்தைப் படுக்க வைத்தாலும் டைபோலை மட்டும் கழற்றி வீட்டுக்குள் கொண்டுவந்துவிடுவேன். காற்று ஓய்ந்ததும் ஒரு துடைப்பக் கட்டையில் கட்டி ஜன்னலில் சாத்தினால்கூட வேலை செய்யும்.

வருஷத்துக்கு ஒரு தடவை, ஐப்பசி மழைக்கு முன்னால், மேலே ஏறி லக்கையும் ஸ்க்ரூவையும் பாருங்கள். வெள்ளைப் பொடி பூத்திருந்தால் உப்புத்தாளால் தேய்த்து, புதிதாகக் கிரீஸ் தடவி முடுக்கவும்.

ஒரு விஷயம் சொல்ல மறந்துவிட்டேன். காற்றில்லாத கோடை இரவுகளில், கடல்மேல் சூடான காற்று மூடிபோல் படிந்திருக்கும்போது, அதற்கடியில் எஃப்எம் அலை குழாயில் போவது மாதிரி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஓடிவரும். அந்த நேரத்தில் இலங்கைத் தமிழ் ஒலிபரப்பு கடலூரில் உள்ளூர் நிலையம் போலக் கேட்கும். யாழ்ப்பாணம் இங்கிருந்து நேர்கோட்டில் 230 கிலோமீட்டர்தான், அதுவும் தெற்கே. நம் டைபோலுக்கு வாகான திசை. போன சித்திரையில் ஒரு ராத்திரி 107.8 ஐத் தேடிக்கொண்டிருந்த அத்தை இதைக் கேட்டுவிட்டு, பூஸ்டரின் மகிமை என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டார். காலையில் வெயில் ஏறியதும் எல்லாம் போய்விட்டது. பூஸ்டர் கெட்டுப்போய்விட்டது, உடனே வா என்று ஏழு மணிக்கே எனக்கு போன்.